வெட்டியெடுத்த துணுக்கை எறிந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கை மரத்துப்போவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. மணிக்கட்டில் நரம்பு ஏன் நசுங்குகிறது, இரவில் மட்டும் ஏன் அதிகமாக மதமதக்கிறது, எப்போது ஆபரேஷன் தேவை என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார் அந்த மருத்துவர். சர்க்கரை நோய், தைராய்டு, கர்ப்பம், ஓயாத கைவேலை என்று காரணங்களையும் வரிசையாகச் சொல்லியிருந்தார். அந்த வரிசையில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அந்தப் பெயர் யாருக்கும் நினைவுக்கு வராததால் என் அப்பாவுக்கு 8 வருடங்கள் வீணாகப் போயின. அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயர் அமிலாய்டோசிஸ். உடம்பு தானே தயாரிக்கும் ஒரு புரதம் ஒழுங்காக மடியாமல், நூல் நூலாகத் திரிந்து, கரையாமல் போய் உறுப்புகளில் படிவதுதான் இந்த நோய். இதயம், சிறுநீரகம், நரம்பு, குடல், கல்லீரல், நாக்கு என்று எங்கு வேண்டுமானாலும் படியும். இப்படித் திரியக்கூடிய புரதங்கள் 30-க்கும் மேல் இருக்கின்றன. எது திரிகிறது என்பதைப் பொறுத்து நோயும் மாறும், வைத்தியமும் மாறும். அரிய நோய் என்கிறார்கள். அரியதுதான். ஆனால் அப்பாவுக்கு வந்த வகை, தேடத் தொடங்கிய பிறகு நினைத்ததைவிட அதிகமாகக் கிடைக்கிறது என்று இப்போது மருத்துவர்களே சொல்கிறார்கள்.

அப்பா தச்சர். 15 வயதில் உளி பிடித்தவர். 66 வயதில் அவருக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பார். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்தால் விரலிலிருந்து நழுவிக் கீழே விழும். சின்னத் திருகாணி பிடிபடாது. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட ஆரம்பித்தார். "அம்பது வருஷமா இழைப்புளி தள்ளுன கை, இதுகூட வராமலா இருக்கும்?" என்று அப்பாவே சொல்லிக்கொண்டார். பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். நாங்களும் நம்பினோம். நம்பாமல் இருக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. மரப்பு போயிற்று. அடுத்த வருடமே இடது கையிலும் அதே தொல்லை. அப்பா வலது கைக்காரர். ரம்பம் அறுப்பது, திருகாணி முறுக்குவது, கொட்டாப்புளி அடிப்பது எல்லாம் வலது கை. இடது கை பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேலையால் வந்ததென்றால் இடது கைக்கு ஏன் வந்தது? இந்தக் கேள்வியை நாங்கள் அன்று கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. இடது கையிலும் ஆபரேஷன் செய்தார்கள், அதுவும் நன்றாகவே ஆறியது.

69 வயதில் ஒரு கதவு நிலைக்கான கட்டையைப் பட்டறையில் இரண்டு பேராகத் தூக்கும்போது அப்பாவின் வலது முழங்கைப் பக்கம் பட்டென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் பிடித்திருந்த பையனுக்கே கேட்டதாம். கை நீலம் பாரித்தது. புஜத்துத் தசை சுருண்டு ஓர் எலுமிச்சை அளவுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. தசைநாண் அறுந்துவிட்டது, இந்த வயதில் தைக்க வேண்டியதில்லை, இனிமேல் கனம் தூக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். 71-இல் இடுப்பு. கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்துப்போய் உட்கார இடம் தேடுவார். தண்டுவடக் குழாய் குறுகியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. வயதானால் தேய்மானம் வரத்தான் செய்யும் என்றார்கள்.

அடுத்து நடந்ததை நாங்கள் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டோம். 20 வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்குப் பிரஷர் தானாகக் குறைய ஆரம்பித்தது. எழுந்து நின்றால் தலை சுற்றும். ஒரு மாத்திரையை நிறுத்தினார்கள், பிறகு இன்னொன்றை. ஆறு மாதத்தில் பிரஷருக்கு மாத்திரையே இல்லை. "உங்கப்பாவுக்கு வயசு குறையுது" என்று அம்மா சொல்லிச் சிரித்தது இன்றும் காதில் இருக்கிறது. வருடக்கணக்காக உயர் ரத்த அழுத்தம் இருந்தவருக்குக் காரணமில்லாமல் அது இறங்கினால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

73-இல் மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று பட்டறை மேசையில் கையை மடித்து வைத்து அதன்மேல் தலை சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் பம்பிங் 58 சதவீதம், நார்மல் என்று வந்தது. சுவர் மட்டும் தடித்திருக்கிறது, பழைய பிரஷரால் வந்திருக்கும் என்றார்கள். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடியும், திரும்ப வரும். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

இனி எழுதப்போவதை மட்டும் அவசரப்படாமல் எழுத விரும்புகிறேன். 74 வயதில் மூச்சுத்திணறலோடு அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த அன்று இரவுப் பணியில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். படிப்பு முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. இ.சி.ஜி. தாளை ஒரு கையிலும் எக்கோ அறிக்கையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி பார்த்தார். என்னை அருகில் கூப்பிட்டுக் காட்டினார். எக்கோவில் இதயச் சுவரின் தடிமன் 17 மில்லிமீட்டர். 12-க்குள் இருக்க வேண்டியது. "சுவர் இவ்வளவு தடிச்சிருந்தா இ.சி.ஜி.யில் கோடு உயரமா எழும்பணும், அக்கா. இங்க பாருங்க, குட்டி குட்டியா இருக்கு" என்றார். தசை வளர்ந்து தடித்திருந்தால் மின்சாரம் கூடும். தசைக்கு நடுவே மின்சாரம் கடத்தாத வேறு ஏதோ ஒன்று புகுந்து தடித்திருந்தால் கோடு உயராது. இந்த இரண்டு தாள்களும் ஒரு வருடமாக ஒரே ஃபைலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தவை.

பிறகு அப்பாவிடம் போய், "ஐயா, கையில் எப்பவாவது ஆபரேஷன் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பா உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டு கையிலுமா?" அப்பா மற்றதையும் திருப்பினார். மணிக்கட்டுக்குக் கீழே ஒரே மாதிரி இரண்டு வெள்ளைத் தழும்புகள். அந்த மருத்துவர் ஒன்றும் பேசாமல் அப்பாவின் சட்டைக் கையை மேலே சுருட்டினார். புஜத்தில் அந்த உருண்டை. "இது எப்ப ஆச்சு?" என்றவர் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தனை வருடங்களில் கை, புஜம், இடுப்பு, இதயம் நான்கையும் ஒரே ஆளின் உடம்பாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் பகுதியைச் சரியாகத்தான் பார்த்தார்கள். கை டாக்டர் கையைக் குணமாக்கினார், அதில் குறையே இல்லை.

நான் கணக்கு எழுதும் வேலை செய்கிறவள். எந்தக் குழப்பமானாலும் தேதி வாரியாக அடுக்கிவைத்தால் பாதி தெளிந்துவிடும் என்பது என் பழக்கம். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் ஃபைலைப் பிரித்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். இரண்டாவது கை ஆபரேஷனின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்துக் காணப்பட்டது, அது வெட்டி அகற்றப்பட்டது என்று. பரிசோதனைக்கு அனுப்பியதாக எங்கும் இல்லை. அந்தத் தடிப்பில்தான் விடை இருந்திருக்கும். பட்டாணி அளவுத் துணுக்கு, இரத்தம் தோய்ந்த பஞ்சோடு சேர்ந்து வாளிக்குப் போயிருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குத் திரிந்த புரதத்தின் பெயர் டிரான்ஸ்தைரெட்டின். கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் சுமந்து போகும் புரதம். நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு மூலக்கூறாக நிற்கும். சிலருக்கு வயதாக ஆக அந்தப் பொருத்து கழன்றுவிடுகிறது. கழன்ற துண்டுகள் தாறுமாறாக மடிந்து, இழைகளாகி, இதயத் தசைக்கு நடுவே போய் அமர்கின்றன. இதயம் சுருங்குவதில் குறை தெரியாது. விரிவதில்தான் குறை. விறைத்துப்போன இதயத்துக்குள் இரத்தம் நிறைய இடமில்லை. பம்பிங் நார்மல் என்று வந்தும் அப்பாவால் பத்துப் படி ஏற முடியாமல் போனதன் காரணம் இதுதான். இதயத்துக்குப் போவதற்கு 5 முதல் 10 வருடங்களுக்கு முன்பே இந்த இழைகள் மணிக்கட்டிலும் தசைநாண்களிலும் முதுகெலும்பின் தசைநார்களிலும் படிய ஆரம்பித்துவிடுகின்றன. அப்பா தேதி தவறாமல் அதே வழியில்தான் போயிருக்கிறார். முன்பு இந்த வகைக்கு முதுமை அமிலாய்டோசிஸ் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் செய்த கெடுதல் கொஞ்சமல்ல என்பது என் எண்ணம். முதுமை என்று எழுதிவிட்டால் அதற்குமேல் யார் தேடுவார்கள்?

சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக உடனே மருந்து கொடுத்துவிட முடியாது. முதலில் இரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் என்ற புரதத்தைத் தேடினார்கள். அமிலாய்டோசிஸில் ஏஎல் என்று இன்னொரு வகை உண்டு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா அணுக்கள் கெட்டுப்போய் இந்த லைட் செயினை அளவில்லாமல் உற்பத்தி செய்வதால் வருவது. அது இதயத்தில் படிந்து, வைத்தியமும் கிடைக்காவிட்டால் சில மாதங்களிலேயே உயிரைக் குடித்துவிடும். அதற்கு மஜ்ஜையைக் குறிவைத்து மருந்து கொடுக்க வேண்டும். அப்பாவின் வகைக்கு அந்த மருந்தால் பயனில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆளையே இழக்க நேரிடும்.

அந்தச் சோதனைக்காகக் காத்திருந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண்மணி இருந்தார். 50 வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்களையும் சுற்றி யாரோ அடித்தது போல ஊதா நிறம். பேச்சு குழறியது. நாக்கு வாய் கொள்ளாமல் பெருத்து, ஓரமெல்லாம் பல் பதிந்த பள்ளங்கள். அவருடைய மகன் என்னிடம் சொன்னது: சிறுநீர் நுரைத்தது, அதற்கு ஒரு டாக்டர், நாக்கு தடித்தது, பல் டாக்டர், கண்ணைச் சுற்றி நிறம் மாறியது, தோல் டாக்டர். கடைசியில் சிறுநீரக டாக்டர் ஒருவர்தான் மூன்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். ஏஎல் வகை நோயாளிகளிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2015-இல் வெளியானது. ஏறக்குறைய 3 பேரில் ஒருவருக்கு 5 மருத்துவர்களைப் பார்த்த பிறகுதான் நோய் இன்னதென்று தெரிந்திருக்கிறது. ஏஎல் வகைக்கென்றே அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது 2021-இல்தான். டாராடுமுமாப் என்பது அதன் பெயர், மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தப் பெண்மணிக்கு அது கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. அந்த நாக்கை மட்டும் மறக்க முடியவில்லை.

அப்பாவுக்கு லைட் செயின் சோதனைகள் எல்லாம் நார்மலாக வந்தன. அடுத்தது பைரோபாஸ்பேட் ஸ்கேன். எலும்பை ஸ்கேன் செய்ய வந்த மருந்துதான். ஊசி போட்டுச் சில மணி நேரம் காத்திருந்து படம் எடுப்பார்கள். விலா எலும்புதான் கறுப்பாகத் தெரிய வேண்டும். அப்பாவின் படத்தில் விலாவைவிட இதயம் அதிகக் கறுப்பாக இருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு கரித்துண்டை வைத்த மாதிரி. லைட் செயின் இல்லை என்று உறுதியாகிவிட்டால், இதயத்தில் ஊசி விட்டுத் தசை எடுக்காமலேயே இந்த ஸ்கேனை வைத்து இந்த வகையை உறுதிசெய்யலாம் என்ற முறை 2016-இலிருந்து இருக்கிறது. சிலர் லைட் செயின் பார்க்காமல் ஸ்கேனை மட்டும் எடுத்துவிட்டு முடிவுக்கு வருகிறார்களாம். ஏஎல் வகையிலும் சில நேரம் ஸ்கேன் கறுக்கும். அதனால் படிக்கிறவர்கள் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் இரத்தமும் சிறுநீரும், பிறகு ஸ்கேன்.

அதோடு விடவில்லை. மரபணுச் சோதனையும் வேண்டும் என்றார்கள். இதே புரதம் வயதால் மட்டும் கழன்று விடுவதில்லை. மரபணுவில் ஒரு பிழை இருந்தாலும் கழலும். அப்படிப்பட்ட பிழைகள் 120-க்கும் மேல் அறியப்பட்டிருக்கின்றன. அப்பாவுக்கு இருந்தால் எனக்கும் தம்பிக்கும் வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முடிவு வரும்வரை நான் தினமும் காலையில் என் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி இதைப் பற்றிப் பேசவே மாட்டான். ஒரு நாள் அவனும் பாதத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்த நாட்களில்தான் போர்ச்சுகல் நாட்டு நரம்பியல் மருத்துவர் கொரினோ டி அந்த்ராதே பற்றிப் படித்தேன். கடலோர மீனவர் ஊர்களில் குடும்பம் குடும்பமாகப் பாதம் மரத்து, உடல் மெலிந்து, இளம் வயதிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். அந்த மக்கள் தங்கள் பேச்சில் அதற்குச் சின்னப் பாத நோய் என்று பெயரே வைத்திருந்தார்கள். 1939-இல் ஒரு பெண்ணைப் பரிசோதித்த அந்த மருத்துவர், இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத நோய் என்று உணர்ந்து அதன் பின்னால் போய், 1952-இல் உலகத்துக்குச் சொன்னார். பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அந்த ஜனங்களுக்கு நோய் தெரிந்திருந்தது. காது கொடுத்துக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. அப்பாவின் சோதனையில் பிழை எதுவும் இல்லை என்று வந்தது. தம்பி போனை வைத்துவிட்டு அழுதான்.

அப்பாவுக்கு இப்போது டஃபாமிடிஸ் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். மருத்துவர் படம் போட்டு விளக்கியபோது அப்பா உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "அதாவது நாலு கட்டையும் பொருத்து விட்டுப்போகாம இருக்க, நடுவுல ஆப்பு அடிக்கிறீங்க" என்றார். மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதேதான் ஐயா" என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை. தைராய்டு ஹார்மோன் உட்காரும் குழியில் அந்த மருந்து போய் இறுக அமர்ந்து, நான்கு துண்டுகளையும் கழல விடாமல் பிடித்துக்கொள்கிறது. 441 பேரை வைத்து 30 மாதம் நடந்த ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்களில் 29.5 சதவீதம் பேரும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 42.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். அதன் பிறகே அமெரிக்காவில் 2019-இல் இதய நோய்க்கு அனுமதி கிடைத்தது. இதே வேலையைச் செய்யும் அகோராமிடிஸ் 2024-இல் வந்தது. கல்லீரலில் அந்தப் புரதம் உருவாவதையே குறைக்கும் வுட்ரிசிரான் என்ற ஊசிக்கு 2025-இல் இதயத்துக்கும் அனுமதி தந்தார்கள்.

ஆனால் ஆப்பு அடித்தால் இனிமேல் கழலாது, அவ்வளவுதான். ஏற்கெனவே படிந்ததை இந்த மருந்துகள் எடுப்பதில்லை. கரைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. இதயம் எந்த நிலையில் இருக்கும்போது மருந்து தொடங்குகிறதோ அந்த நிலையைத்தான் காப்பாற்றிக்கொள்ள முடியும். மேற்சொன்ன ஆய்விலும் நோய் முற்றாதவர்களுக்கே பலன் அதிகம். அந்த 8 வருடம் வேதனைப்படுத்துவது இதனால்தான். இந்த இதய மருந்து வந்த காலத்தில் அப்பா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். இப்போது பட்டறைக்குப் போனால் பத்து நிமிடம் இழைப்பார், பிறகு முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். சீவல் சுருள் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். மருந்தின் விலையும் சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியது அல்ல. அதை எழுத ஆரம்பித்தால் அது தனிக் கடிதமாகிவிடும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கை ஆபரேஷன் செய்யும் மருத்துவர்களே, 50 வயதைக் கடந்த ஆணுக்கோ 60-ஐக் கடந்த பெண்ணுக்கோ மணிக்கட்டைத் திறக்கும்போது, முக்கியமாக இரண்டு கையிலும் தொல்லை இருந்தால், தசைநாண் அறுந்த கதையோ தண்டுவடக் குழாய் குறுகிய கதையோ கூட இருந்தால், வெட்டியெடுக்கும் அந்தத் துணுக்கை எறியாமல் காங்கோ ரெட் சாயச் சோதனைக்கு அனுப்புங்கள். கையை எப்படியும் திறக்கத்தான் போகிறீர்கள். நோயாளிக்குக் கூடுதலாக ஒரு கீறல்கூட இல்லை. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் இதே வயதுக் கணக்கை வைத்து 98 பேரின் திசுவைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். 10 பேருக்கு அமிலாய்ட் இருந்தது. அந்தப் பத்தில் 2 பேருக்கு அப்போதே இதயத்தையும் தொட்டிருந்தது. மற்றவர்களுக்குத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அதை நினைத்துப் பாருங்கள்.

இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. காங்கோ ரெட் 1880-களில் பருத்தித் துணிக்குச் சாயமேற்ற வந்தது. அது அமிலாய்டில் ஒட்டும் என்று 1922-இல் பென்ஹோல்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டார். சாயமேறிய திசுவைத் துருவ ஒளியில் வைத்துப் பார்த்தால் பச்சையாக மின்னும், ஆப்பிள் பச்சை என்பார்கள். சரியாகச் சொல்வதானால், பச்சை தெரிந்த பிறகு அது எந்த வகை என்று கண்டுபிடிக்க வசதியுள்ள ஆய்வகம் வேண்டும். எல்லா இடத்திலும் அது இருக்காது. இருந்தாலும் பச்சை தெரிந்துவிட்டாலே பாதி வழி வந்த மாதிரி, அடுத்து எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அமிலாய்ட் என்ற பெயரே ஒரு தவறில் பிறந்ததுதான். 1854-இல் விர்கோ என்ற ஜெர்மன் மருத்துவர், அயோடினில் நிறம் மாறுகிறதே, மாவுப்பொருள் போலிருக்கிறது என்று நினைத்து வைத்த பெயர். ஐந்தே வருடத்தில், அது மாவு இல்லை, புரதம் என்று வேறு இருவர் காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வாசகர்கள் பயந்துவிட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கை மரத்துப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது. உங்கள் கட்டுரையில் சொன்ன காரணங்களே போதும். ஒரே ஒரு அறிகுறியை வைத்துக்கொண்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. ஒன்றோடு ஒன்றுக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இரண்டு மூன்று வரும்போதுதான் சேர்த்துப் பார்க்க வேண்டும். தசைநாண் அறுந்துபோவதைப் பற்றிய ஆய்வு ஒன்று இருக்கிறது, 2017-இல் வந்தது: அப்பாவின் வகை நோயாளிகளில் 3 பேரில் ஒருவருக்குப் புஜத் தசைநாண் அறுந்திருந்தது. அந்த உருண்டையை அப்பா எத்தனை மருத்துவர்களுக்கு முன்னால் சட்டையைக் கழற்றிக் காட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். குறைந்தது ஆறு பேர்.

அப்பாவிடம் தொழில் கற்றவர் ஒருவர், அன்று கட்டையின் எதிர்ப்பக்கம் பிடித்திருந்த பையனுக்கு அண்ணன் முறை, இப்போது 58 வயது. அவருக்குப் போன வருடம் வலது கையில் ஆபரேஷன் ஆனது. போன வாரம் அப்பாவைப் பார்க்க வந்தவர், அடுத்து இடது கைக்குத் தேதி குறித்திருப்பதாகச் சொன்னார். அப்பா என்னைக் கூப்பிட்டுத் தாள் எடுத்து வரச் சொன்னார். "எழுதும்மா. வெட்டி எடுக்கிறதை எறியாதீங்க, சோதனைக்கு அனுப்புங்கன்னு எழுது. அந்தச் சாயத்தோட பேரையும் எழுது" என்றார். எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட நாமளே இப்படிச் சொன்னா கோவிச்சுக்க மாட்டாரா?" என்று தயங்கினார். அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினார். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரும் வியாழக்கிழமை அவருக்கு ஆபரேஷன்.

இப்படிக்கு,
தச்சரின் மகள்,
உங்கள் நீண்ட நாள் வாசகி